அடுப்பு எத்தனை நாள் எரியும்? தொற்றுக்காலத்துக்கு ஓர் ஊரைத் தயார் செய்யும் முறை

2014 ஆகஸ்ட் 20 அன்று, எபோலா பரவிக்கொண்டிருந்த லைபீரியாவின் தலைநகர் மொன்ரோவியாவில், வெஸ்ற் பொயின்ற் என்ற கடலோரக் குடியிருப்பைப் படையினர் முள்ளுக்கம்பி போட்டு அடைத்தார்கள். 21 நாட்களுக்கு ஒருவரும் வெளியேறக்கூடாது என்பது உத்தரவு. உள்ளே இருந்தவர்கள் மீனவர்களும், அன்றாடம் வாங்கி அன்றாடம் விற்பவர்களும். சாமான் விலை ஏறியது, கையில் காசு இல்லை. முதல் நாளே தடையை உடைக்க முயன்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் அரசாங்கமே தடையை எடுத்துவிட்டது. அதே நகரத்தில் மதில் கட்டிய வீட்டில், மாதச் சம்பளத்தோடு இருப்பவருக்கு இருபத்தொரு நாள் அடைபட்டிருப்பது சிரமம், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் மீனவர்கள் நெருங்கி வாழும் குருநகரையும் வசதியான வீடுகள் உள்ள நல்லூரையும் ஒரே நாளில் நடந்து பார்த்தவருக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

கிருமி ஒன்றானாலும் ஒவ்வொரு சமூகத்தையும் அது அடிக்கிற இடம் வேறு. ஒருவருக்கு உழைப்பு, ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி, ஒருவருக்கு இறந்தவரை வழியனுப்பும் முறை. ஆபிரிக்க நாடுகள் எபோலாவிலும் கோவிட்-19இலும் இதற்குப் பெரிய விலை கொடுத்தன. அந்த அனுபவத்தை வைத்து, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு கிராம அலுவலர் பிரிவைத் தயார் செய்வது எப்படி என்பதே கீழே உள்ளது. மாவட்டத்தில் இப்படி 435 பிரிவுகள் உள்ளன. இதைவிடப் பெரிய அளவில் தொடங்கவேண்டாம். பிரதேச செயலக மட்டத்தில் போடும் பட்டியலில் வீடுகள் மறைந்துபோகும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றிலிருந்து எட்டுப் பத்துப் பேர் போதும். தனிமைப்படுத்தும் உத்தரவு போடுவது சுகாதார வைத்திய அதிகாரியின் வேலை. குழு அதில் கை வைக்கக்கூடாது.

முதல் வேலை: கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு) வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. சாதி, மதம் என்று நிரல் போடவேண்டாம். அந்த வித்தியாசங்கள் எங்கே வாழ்க்கையைத் தொடுகின்றனவோ அதைக் கேட்டால் போதும். கேள்விகள் ஐந்து.

உழைப்பு நின்றால் அடுப்பு எத்தனை நாள் எரியும்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது: சொந்தக் கிணறா, பொதுக் கிணறா, குழாயா, பவுசரா (தண்ணீர் வண்டி)? ஒரு நோயாளியைத் தனியாக வைக்க யன்னலுள்ள அறையும் அவருக்கென்று மலசலகூடமும் உண்டா? விடாமல் மருந்து எடுப்பவர், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், கர்ப்பிணி, படுக்கையிலிருப்பவர் யார்? அவசரம் என்றால் இந்த வீடு யார் சொல்லைக் கேட்கும்?

முதல் கேள்விக்கு ஆட்கள் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். கௌரவம் விடாது. "அரிசி எப்படி வாங்குவீர்கள், மூட்டையாகவா கிலோவாகவா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கிலோ வாங்குகிற வீட்டுக்கு அடுப்பு நாள் இரண்டுக்கு மேல் இராது. கூலிக்குக் கடலுக்குப் போகிறவர், மேசனோடு கையாளாக நிற்பவர், வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கப் போகும் பெண்கள், கள்ளுச் சீவுகிறவர், ஓட்டோ ஓடுகிறவர் எல்லாம் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வருவார்கள்.

இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கும். வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டுக்கு ஒன்றும் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். ரொறன்ரோவில் பிள்ளைகள், இங்கே எண்பது வயதுத் தாயும் தகப்பனும் மட்டும். வங்கியில் காசு இருக்கும். கடைக்குப் போக ஆள் இராது. சமைத்துக் கொடுக்க வருகிற பெண் ஊரடங்கில் வரமாட்டார். அந்த வீட்டுக்கு அடுப்பு நாள் மூன்று என்றே எழுதுங்கள்.

கொப்பி ஒருவர் பொறுப்பில், பூட்டிய அலுமாரியில் இருக்கவேண்டும். நோய் விவரம் வெளியே கசிந்தால் அடுத்த முறை ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் படம் பிடித்துப் போடுவது, கொப்பியைத் தெருவில் விரித்து வைப்பதற்குச் சமம். அதைச் செய்பவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விடுபட்டவரைத் தேடுவது

தென்னாபிரிக்கா 2020 மே மாதம் வேலையற்றவர்களுக்கு மாதம் 350 ராண்ட் கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் வேறு அரச உதவி எடுப்பவர்களுக்கு இது இல்லை என்றார்கள். பிள்ளைகளுக்கான உதவித்தொகையைத் தாய்மார்தான் தங்கள் பெயரில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் காசைக் காட்டி, வேலை இழந்த தாயை வெளியே தள்ளிவிட்டது அந்த விதி. 2021 ஆகஸ்ட்டில்தான் அதைத் திருத்தினார்கள். புகலிடம் கேட்டு வந்தவர்களையும் முதலில் சேர்க்கவில்லை. நீதிமன்றம் போய்த்தான் அவர்களுக்கு வழி பிறந்தது.

நம்மிடம் 2020 ஏப்ரல், மே மாதங்களில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 5000 ரூபா கொடுக்கப்பட்டது. இனியும் அப்படி ஒன்று வந்தால், பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட யார் இல்லை என்பதையே முதலில் பாருங்கள். குடும்ப அட்டை வேறு பிரிவில் பதிந்திருக்கும் வாடகைக் குடித்தனம், வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து நலன்புரி நிலையத்தில் தங்கிப்போனவர்கள், தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிப் பதிவு முடியாதவர்கள், மலையகத்திலிருந்து வந்து சாப்பாட்டுக் கடையிலும் தோட்டத்திலும் தங்கி வேலை செய்யும் பொடியள், கணவன் பெயரில் அட்டை இருந்தும் அவரைப் பிரிந்து வாழும் பெண். இந்த ஐந்து பேரையும் பெயர் சொல்லித் தேடினால்தான் கிடைப்பார்கள். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) வாயால் சொன்னால் மறந்துபோகும். கடிதமாகக் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள்.

பொதி: அளவு

அடுப்பு நாள் மூன்று அல்லது அதற்குக் குறைந்த வீடுகளுக்கு, தடை போட்ட நாளே பொதி போகவேண்டும். வெஸ்ற் பொயின்றில் பிழையாகிப்போனது இந்த ஒழுங்குதான்: கம்பி முதலில் வந்தது, அரிசி பிறகு வந்தது.

நான்கு பேருக்கு 14 நாட்கள் என்று கணக்கிட்டால்: அரிசி 22½ கிலோ, பருப்பு 3½ கிலோ, எண்ணெய் 1½ லீற்றர், சீனி 850 கிராம், உப்பு 300 கிராம், தேங்காய் 10. ஓர் ஆளுக்கு நாளுக்கு 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு என்ற நிவாரணக் கணக்கு இது. தேங்காயும் சேர்ந்தால்தான் ஒருவருக்கு 2100 கலோரி வரும். அதை ஆடம்பரம் என்று குறைக்கவேண்டாம். இதோடு கறித்தூள், சவர்க்காரம், பெண்களுக்கான மாதவிடாய்த் துவாய், தீப்பெட்டி. காஸ் இல்லாத வீட்டுக்கு விறகு. விறகை மறந்துவிட்டு அரிசி கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தை உள்ள வீட்டுக்குப் பால்மா வைக்காதீர்கள். தாய்க்குச் சாப்பாட்டைக் கூட்டிக் கொடுங்கள். பயறு, முட்டை, முருங்கையிலை. சுத்தமான தண்ணீரும் எரிபொருளும் தட்டுப்படும் நேரத்தில் போத்தல் பால் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

பொதியை வரிசையில் நிறுத்திக் கொடுக்கவேண்டாம். ருவாண்டாவில் 2020 மார்ச் முடக்கத்தின்போது வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதில் நெரிசலும் இல்லை, வாங்குபவரின் முகத்தைப் படம் பிடிக்கிற கொடுமையும் இல்லை.

எது முதலில் அழுகும்

சந்தையை ஒரேயடியாக மூடுவது, வாங்குபவரைவிட விளைவித்தவரை முதலில் விழுத்தும். புர்கினா பாசோவின் தலைநகர் வாகடூகுவில் பெரிய சந்தையை 2020 மார்ச்சில் மூடினார்கள். ஏப்ரலில் திறந்தார்கள். ஒரு கூரைச் சந்தையை மூடுவதானால், அதே நாளில் நாலைந்து திறந்த வெளிகளில் பிரித்துப் போடவேண்டும். பாடசாலை மைதானம், கோயில் வீதி, கடற்கரை. கடைக்குக் கடை இரண்டு மீற்றர் விட்டுச் சுண்ணாம்புக் கோடு.

போக்குவரத்து அனுமதி கேட்கும்போது எல்லா விளைபொருளுக்கும் ஒன்றாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அழுகும் ஒழுங்கில் கேளுங்கள். மீன், பால், கள்ளு முதல் வரிசை, மணித்தியாலக் கணக்கு. கீரை, தக்காளி, கத்தரி, முந்திரிகைப்பழம் (திராட்சை) அடுத்தது. மூன்று நாள் தாங்கினால் அதிகம். வாழைக்குலை ஒரு வாரம். சின்ன வெங்காயத்தைப் பிடி கட்டிக் காற்றோட்டமான கொட்டிலில் தொங்கவிட்டால் இரண்டு மாதம் நிற்கும். பூசணியும் கிழங்கும் பொறுக்கும். ஆகவே வெங்காயக்காரருக்குத் தேவை அனுமதி அல்ல, கைமாற்றுக் காசு. இடைத்தரகருக்கு அடிமாட்டு விலையில் விற்காமல் அவரால் காத்திருக்க முடிந்தால் போதும். கூட்டுறவுச் சங்கம் செய்யக்கூடிய வேலை அது.

மீனுக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் ஆலை திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் கடலுக்குப் போக மட்டும் அனுமதி வாங்கினால், கரையில் மீன் கிடந்து நாறும். ஏலம் கூறும் இடத்தில் ஆட்கள் முண்டியடிப்பதைத் தவிர்க்க, படகு கரை சேரும் நேரங்களைப் பிரிக்கலாம். மிஞ்சியதை அன்றே உப்புப் போட்டுக் கருவாடாக்க உப்பைக் கையிருப்பில் வைத்திருங்கள்.

கள்ளுச் சீவுகிறவர்களின் நிலையை யாரும் யோசிப்பதில்லை. தென்னாபிரிக்கா 2020 மார்ச் 27 முதல் மதுவிற்பனையைத் தடுத்தபோது, குடிப்பவர்களைப் பற்றியே அதிகம் பேச்சு. திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரரைப் பற்றிக் குறைவு. பனம்பாளை ஊரடங்குக்காகக் காத்திராது. சில நாள் சீவாமல் விட்டால் ஊற்று அடைபட்டுப்போகும். அந்தப் பருவம் முழுக்க உழைப்பு இல்லை. தவறணை (கள்ளுக் கடை) மூடினால் மாற்று இது: முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் புளிக்காது; கருப்பணியாக இறக்கி, அன்றே காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கலாம். பனங்கட்டி கெடாது. ஆனால் மரம் ஏறப் போக அனுமதி, காய்ச்ச விறகு, பெரிய தாச்சி, பனங்கட்டி ஊற்ற ஓலைக் குட்டான் ஆகியவை தேவை. இவற்றை முன்கூட்டியே சங்கத்தோடு கதைத்து வையுங்கள்.

தண்ணீரும் கை கழுவலும்

"அடிக்கடி கையைக் கழுவுங்கள்" என்ற விளம்பரம் கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா என்ற நெரிசலான குடியிருப்பில், இருபது லீற்றர் கலனாகக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கும் போனது. நம்மிடம் தீவுப்பகுதியிலும் உவர் ஏறிய கரையோரத்திலும் பவுசருக்கு நிற்கிறவர்களின் நிலையும் அதுதான். ஓர் ஆளுக்கு நாளுக்கு 15 லீற்றர் என்பது அவசரகால அடிப்படை. கொப்பியில் பொதுக் கிணறு, பவுசர் என்று எழுதிய வீடுகளை எண்ணி, ஆட்தொகையைப் 15ஆல் பெருக்கி, அந்த எண்ணோடு பிரதேச சபைக்குப் போங்கள். "தண்ணீர் காணாது" என்ற முறைப்பாட்டுக்கு வராத பவுசர், எண்ணுக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடுத்தவர் கிணற்றில் அள்ளிக் குடித்த குடும்பங்களுக்கு, நோய்ப் பயம் வந்ததும் படலை சாத்தப்படலாம். பழைய தீண்டாமைக்குத் தொற்று புதிய சாட்டாகிவிடும். கிணற்றுத் தண்ணீர் அள்ளுவதால் கோவிட் பரவுவதில்லை. ஆட்கள் நெருங்கி நிற்பதுதான் ஆபத்து. அதற்கு நேரம் பிரித்துக் கொடுத்தால் போதும். எந்த வீட்டுக்கும் கிணறு மறுக்கப்படக்கூடாது என்பதைக் குழு முதல் கூட்டத்திலேயே முடிவாக எழுதட்டும்.

குழாய் இல்லாத இடத்தில் கை கழுவக் கானாவின் வெரோனிக்கா வாளியைச் செய்யலாம். அதை உருவாக்கிய உயிரியலாளர் வெரோனிக்கா பெகோவின் பெயரே அதற்கு. மூடியுள்ள 20 லீற்றர் வாளி ஒன்று, அரை அங்குலப் பிளாஸ்ரிக் குழாய்த் திருகி ஒன்று, றப்பர் வாசர் இரண்டு, நட்டு ஒன்று. அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே துளை போடுங்கள். அடியோடு போட்டால் மண்டி வந்து திருகி அடைக்கும். துளை திருகியின் புரிக்குச் சரியாக இருக்கவேண்டும். சூடாக்கிய கம்பியால் உருக்கித் துளைத்தால் விளிம்பு வளைந்து ஒழுகும், துளைபொறியால் போடுவது நல்லது. வாசர் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. மேசையில் வைத்து, கீழே அழுக்குத் தண்ணீருக்கு ஒரு பேசின். கழுவல் ஒன்றுக்கு அரை லீற்றர் என்றால், திருகிக்குக் கீழே தேங்குவது போக ஒரு வாளி முப்பது பேருக்காவது காணும். சவர்க்காரத்தைக் கயிற்றில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காகம் கொண்டுபோகும். பேசினை மாலையில் கவிழ்க்காவிட்டால் நுளம்பு பெருகும்.

கைப்பிடி, மேசை துடைக்க 0.1 வீதக் குளோரின் கரைசல்: 30 வீத வலுவுள்ள பிளீச்சிங் பவுடர் 33 கிராம், தண்ணீர் 10 லீற்றர். நிறுத்துப் போடுங்கள். கலக்கி, மண்டியை அடைய விட்டுத் தெளிவை எடுக்கவும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கைத் துடைக்கவேண்டும். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். அன்றன்றைக்குக் கரைக்கவும், திறந்து வைத்த பவுடர் வலுவிழக்கும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு சேர்த்தால் நச்சு வாயு வரும். ஆட்களின் மேல் தெளிக்கவே கூடாது.

வழி

உகண்டாவில் 2020 முடக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வாகனத்தில் போகவும் மாவட்ட ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்றார்கள். பிரசவ வலியோடு அனுமதி தேடிப் போகமுடியாமல் பெண்கள் இறந்தார்கள். பிறகு கர்ப்பிணிகளுக்கு அனுமதி தேவையில்லை என்று விதியை மாற்றினார்கள். ஆகவே ஏழு மாதம் கடந்த கர்ப்பிணிகள், யாழ் போதனா வைத்தியசாலைக்கு இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள், தெல்லிப்பளையில் புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்கள் ஆகியோருக்கான அனுமதிக் கடிதத்தை முன்பே கேட்டு வாங்கி வைக்கவேண்டும். இரண்டு ஓட்டோ, ஒரு வான். சாரதிகளின் பெயர் அதே கடிதத்தில். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் நோயாளர் வண்டி வரும். ஆனால் ஒரே இரவில் பல அழைப்பு வந்தால் காத்திருக்க நேரும். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவுக் குழுக்கள் படகோட்டியையும் எண்ணெயையும் எழுதிவைக்கவேண்டும். காற்றுக் காலத்தில் படகு கடலில் இறங்காது, ஆகவே பிரசவ நாள் நெருங்கியவரை ஒரு வாரம் முன்பே யாழ்ப்பாணப் பக்கம் கொண்டுவந்து தங்கவைப்பது நல்லது.

மற்ற நோய்கள் ஓய்வெடுக்கா. கொங்கோ ஜனநாயகக் குடியரசில் 2018 முதல் 2020 வரை கிழக்கில் எபோலா 2,287 பேரைக் கொன்றது. உலகம் முழுக்க அதையே பார்த்தது. அதே காலத்தில் அந்நாட்டில் சின்னமுத்துக்கு (தட்டம்மைக்கு) பலியானவர்கள் 6,000க்கு மேல். தடுப்பூசிக் கிளினிக்கை நிறுத்தவேண்டாம். திறந்த வெளிக்கு மாற்றுங்கள். மாரி தொடங்கினால் டெங்கு வரும் என்பதால் வளவு துப்புரவும் நிற்கக்கூடாது.

இறந்தவர்

இதில் பிழை விட்டால் எல்லாம் பிழையாகிவிடும்.

எபோலாவில் உடல்தான் மிகக் கொடிய தொற்று. குளிப்பாட்டியவர்கள் இறந்தார்கள். ஆனால் லைபீரிய அரசு 2014 ஆகஸ்ட்டில் மொன்ரோவியாவில் எல்லா உடலையும் எரிக்க உத்தரவிட்டது. புதைக்கும் மரபுள்ள மக்கள் அவர்கள். அங்கிருந்த இந்திய இந்துக்களின் தகனமேடையில் எரித்தார்கள். விளைவு, குடும்பங்கள் நோயாளிகளை மறைத்தன, இரவில் களவாகப் புதைத்தன. ஆண்டு முடிவில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் பாதுகாப்பாகப் புதைக்க வழி செய்த பிறகே எரித்தல் நின்றது.

இலங்கை அதைப் படித்திருக்கவேண்டும். கோவிட்டில் புதைப்பதும் எரிப்பதும் இரண்டுமே பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும், 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில்தான் விதி மாறியது. அதற்குப் பிறகும் தொலைவில் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அறிவியல் தேவைக்கு மேலாக ஒரு சமூகத்தின் மேல் போடப்பட்ட சுமை அது. இன்னொரு முறை வந்தால் ஊர்க்குழு வாய்மூடி இருக்கக்கூடாது.

இப்போதே செய்யவேண்டியது: சைவ, கத்தோலிக்க, மற்றத் திருச்சபை, முஸ்லிம் பெரியவர்கள் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக இருந்து, "எதை விடவே முடியாது, எதைத் தள்ளிவைக்கலாம், எதைத் தூரத்திலிருந்து செய்யலாம்" என்று மூன்று நிரலில் எழுதுங்கள். முகம் பார்ப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் நிரலில் வரும். உடலை வைக்கும் பையின் முகப்பக்கத்தில் ஊடுதெரியும் பகுதி இருந்தால் தொடாமலே பார்க்கலாம். வாய்க்கரிசியைப் பையின் மேலே இடலாம். ஜனாஸாத் தொழுகையைத் திறந்த வெளியில், இடைவெளி விட்டு நடத்தலாம். பிறகு வரும் எட்டுச் செலவையும் கீரிமலை அந்தியேட்டிக் கிரியையையும் ஆட்தொகை குறைத்துச் செய்யலாம். உடலைக் கழுவலாமா என்பது கிருமியைப் பொறுத்தது. அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அந்த நேரத்தில் கேட்கவேண்டும். உடலை எடுக்க வருகிறவர்கள் முகக்கவசமும் அங்கியும் போடமுன் வீட்டாரோடு வெறும் முகத்தோடு தூர நின்று கதைக்கட்டும். மேற்கு ஆபிரிக்காவில் உடல் எடுக்கப் போனவர்கள் மேல் கல்லெறி குறைந்தது, இறந்தவரின் குடும்பத்தோடு இப்படி முதலில் கதைக்கத் தொடங்கிய இடங்களில்தான்.

யார் சொன்னால் கேட்பார்கள்

2014 செப்டெம்பரில் கினியின் வோமே கிராமத்துக்கு எபோலா விளக்கம் கொடுக்கப் போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். கிருமிநாசினி தெளிப்பவர்களே நோயைக் கொண்டுவருகிறார்கள் என்ற வதந்தி அந்தப் பகுதியில் இருந்தது. வெளியாளை நம்புவதற்கு அவர்களுக்கு எந்தப் பழைய காரணமும் இல்லை. சீருடையோடு வரும் அறிவித்தலை நம்பாத வீடுகள் நம்மிடமும் உண்டு. காரணமும் உண்டு. கொப்பியின் ஐந்தாவது கேள்வி இதற்குத்தான்: ஒரு வீடு குடும்பநல மாதுவைக் கேட்கும், ஒன்று பங்குத்தந்தையை, ஒன்று மௌலவியை, ஒன்று மீனவர் சங்கத் தலைவரை.

அறிவித்தல் ஒன்றில் ஒரு விஷயம்தான் இருக்கட்டும். "நாளை செவ்வாய் காலை 7 முதல் 9 வரை கடற்கரையில் மீன் விற்பனை. ஒரு வீட்டிலிருந்து ஒருவர். முகக்கவசம் வேண்டும். கேள்வி இருந்தால் மாதர் சங்கத்தில் கேளுங்கள்." இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். ஒலிபெருக்கியில் மட்டும் சொன்னால் காது கேளாதவர்களுக்குப் போகாது. அவர்களுக்கு எழுதிய துண்டைக் கையில் கொடுக்க ஓர் ஆளை நியமியுங்கள்.

பிள்ளைகள்

சியரா லியோனில் எபோலாவுக்காகப் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர் கருவுற்றார்கள். 2015இல் பாடசாலை திறந்தபோது கர்ப்பிணிச் சிறுமிகள் வரக்கூடாது என்று தடை. 2020 மார்ச் வரை அது நீங்கவில்லை. உகண்டாவில் பாடசாலைகள் முழுதாகத் திறக்க 2022 ஜனவரி ஆனது.

ஒரு கைபேசிக்கு மூன்று பிள்ளை உள்ள வீட்டில் ஸூம் வகுப்பு நடவாது. வாரம் ஒருமுறை அச்சிட்ட பயிற்சித்தாள் கட்டு, சனசமூக நிலையத்தில் கொடுத்து வாங்கும் ஏற்பாடு. கொண்டுபோய்க் கொடுப்பவர் ஒரு பெண்ணாக இருக்கட்டும். படலையில் நின்று பிள்ளையை நேரில் பார்த்து, ஒரு நிமிடமாவது தனியாகக் கதைக்கவேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து பிள்ளை முன்னுக்கு வராவிட்டால், அல்லது "கலியாணம் பேசிவிட்டோம்" என்று பதில் வந்தால், சிறுவர் உதவிக்கு 1929. தாய்க்கு அடி விழுவது தெரிந்தால் 1938. இரண்டு எண்ணையும் பயிற்சித்தாளின் கடைசிப் பக்கத்தில், கணக்குக் கேள்விக்குக் கீழே, சின்னதாக அச்சிட்டுவிடுங்கள். சுவரொட்டியில் போட்டால் வீட்டிலிருப்பவர் கிழித்துவிடுவார்.